‘வென்ட்’ அறியாதவன் பேதையாம்! ‘முயன்றான்’ அறியாதவன் அறிஞனாம்!

மஞ்சளாறு மேற்கு மலையை விட்டிறங்கி வையையை நாடிச் செல்லும் வழியில், பெரியகுளம் வட்டத்தில் அமைந்துள்ளது தேவதானப்பட்டி. ‘தேவதானம்’ என்பது கோயிலுக்கு விடப்பட்ட நிலத்தைக் குறிக்கும் வடசொல். ஊர்ப்பெயரில் வடசொல் ஏறி அமர்ந்துகொண்டாலும், மக்கள் நாவில் தமிழ் சாகவில்லை. ஆற்றங்கரைக் கோயிலுக்கு மூங்கிலணை என்று பெயர். தொலைவில் மலைமுகட்டிலிருந்து மெல்லிய வெள்ளைக் கோடாக இழியும் நீருக்கு எலிவால் அருவி என்று பெயர். இப்பெயர்களை வைத்தவர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் படித்தவரல்லர். கண்டதைக் கண்டவாறு தம் மொழியில் சொன்னவர்; அவ்வளவே.

அவ்வூர்த் தெருக்களில் விளக்கேற்றும் வேளையில் நடந்து சென்றால், திண்ணைகளிலிருந்து ஓர் ஓசை எழுந்து வரும். ‘கோ - வென்ட் - கான், கம் - கேம் - கம், ஈட் - ஏட் - ஈட்டன்.’ பிள்ளைகள் உடலை முன்னும் பின்னும் அசைத்து உருப்போடுகின்றனர். ஆங்கில வினைச்சொல்லுக்கு மூன்று வடிவம். மூன்றையும் மனப்பாடம் செய்தாக வேண்டும். தேவதானப்பட்டிக்கு மட்டும் உரிய காட்சியன்று இது. கம்பம் பள்ளத்தாக்கிலும், தமிழகத்தின் எல்லா ஊர்களிலும் இதே ஓசைதான்.

ஒரு நாள் வகுப்பில் ஆசிரியர் வினவுகிறார்: ‘நேற்று எங்கே சென்றாய்?’ வினா ஆங்கிலத்தில் வருகிறது; விடையும் ஆங்கிலத்தில் வர வேண்டும். மாங்காய் பறிக்கச் செல்லும் கூலியாளின் மகன் எழுந்து நிற்கிறான். ‘வாக்’ என்பதற்கு ‘எட்’ சேர்த்தால் இறந்தகாலம். ‘டாக்’ என்பதற்கு ‘எட்’ சேர்த்தால் இறந்தகாலம். ஆகவே ‘கோ’ என்பதற்கும் அவ்வாறே இருத்தல் வேண்டும் என்று அவன் அறிவு கணக்கிடுகிறது. ‘கோயெட்’ என்கிறான். வகுப்பே சிரிக்கிறது. ஆசிரியரும் சிரிக்கிறார். அன்று அமர்ந்த பிள்ளை அதன்பின் தானாக எழுந்து விடை சொல்வதே இல்லை. அன்றோடு வாய் அடைபட்டது. ‘எனக்குப் படிப்பு ஏறாது’ என்று அவனே தனக்குத் தீர்ப்பெழுதிக் கொள்கிறான். வீட்டில் அத்தீர்ப்பை மறுத்துச் சொல்ல ஆளில்லை; தாயும் தந்தையும் ‘ஆங்கிலம் தெரிந்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்’ என்று தலையாட்டுகின்றனர்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. அப்பிள்ளை செய்த பிழை பேதைமையா?

பேதைமை யாருடையது?

1958-ஆம் ஆண்டில் யீன் பெர்க்கோ என்னும் அமெரிக்க அறிஞர் ஓர் ஆய்வை வெளியிட்டார். நான்கு முதல் ஏழு அகவை வரையுள்ள பிள்ளைகளிடம், ஆங்கிலத்திலேயே இல்லாத, புதிதாகப் புனைந்த சொற்களைக் கொடுத்து அவற்றின் பன்மையையும் இறந்தகாலத்தையும் சொல்லச் செய்தார். முன்பின் கேட்டறியாத சொற்களுக்கும் பிள்ளைகள் தாமாகவே உரிய ஈறுகளைச் சேர்த்தனர். குழந்தை கேட்டதைத் திருப்பிச் சொல்லும் கிளியன்று. மொழியின் நெறியைத் தானே கண்டறிந்து ஆள்வது என்பது அதனால் விளங்கிற்று. ஆங்கிலேயர் வீட்டுப் பிள்ளைகளும், அமெரிக்கர் வீட்டுப் பிள்ளைகளும் பேசப் பழகும் பருவத்தில் ‘கோயெட்’ என்றே சொல்லித் திரிகின்றனர். அந்நாட்டுத் தாய் அதைக் கேட்டு மகிழ்ந்து, பிள்ளையை முத்தமிட்டு, ‘வென்ட்’ என்று மெல்லத் திருத்துகிறாள். அறிவு வளர்கிறது என்பதற்கு அந்நாட்டில் அடையாளமாகக் கொள்ளப்படும் அதே பிழை, இந்நாட்டில் அறிவின்மைக்கு அடையாளமாகக் கொள்ளப்படுகிறது! தாய்மொழியாகப் பெற்ற பிள்ளைக்கு உள்ள விடுதலை, அயன்மொழியாகக் கற்கும் பிள்ளைக்கு இல்லையாம்! இதைவிடப் பெரிய அறக்கேடு வேறு உண்டா?

சரி, ‘கோ’ என்பதற்கு ‘வென்ட்’ எங்கிருந்து வந்தது? உருப்போடச் சொல்பவர்கள் அதைச் சொல்லிக் கொடுக்கின்றனரா? இல்லை. ‘ஏன்’ என்று கேட்ட பிள்ளைக்கு ‘அது அப்படித்தான்’ என்பதே விடை. அது அப்படித்தான் ஆனதற்கு ஒரு வரலாறு உண்டு. பழைய ஆங்கிலத்தில் ‘கோ’ என்னும் வினைக்கு இறந்தகாலம் ‘வென்ட்’ அன்று. அதனோடு தொடர்பே இல்லாத ‘ஏயொட’ என்னும் வேறொரு சொல். அது தேய்ந்து, திரிந்து, வழக்கொழிந்தது. அப்போது ‘வெண்ட்’ என்று வேறொரு வினை இருந்தது. திரும்பு, வழிக்கொள் என்பன அதன் பொருள். ‘செண்ட்’ என்பது ‘சென்ட்’ ஆவது போலவும், ‘பெண்ட்’ என்பது ‘பென்ட்’ ஆவது போலவும், ‘வெண்ட்’ என்பதற்கு ‘வென்ட்’ முறையான இறந்தகாலம். பதினைந்தாம் நூற்றாண்டளவில் ஆங்கிலேயர் அந்த இறந்தகாலத்தை அதன் சொந்த வினையிடமிருந்து பறித்துக் ‘கோ’வுக்குக் கொடுத்துவிட்டனர். பறிகொடுத்த வினைக்குப் பின்னர் ‘வெண்டெட்’ என்று வேறொன்று செய்துகொண்டனர். ஆகத் தன் வினைக்குத் தன் வேரிலிருந்தே ஓர் இறந்தகாலம் ஆங்கிலத்துக்கு இருந்ததே இல்லை. முதலில் ஓர் இரவல், பின்னர் மற்றோர் இரவல். இந்த இரவலை அறியவில்லை என்பதற்காகத்தான் மஞ்சளாற்றங்கரைப் பிள்ளை தலைகுனிந்து நிற்கிறான்!

இத்தகைய நெறிதிறம்பிய வினைகள் ஆங்கிலத்தில் ஏறத்தாழ 200 உள்ளன. ‘கட்’ என்பதற்கும் ‘புட்’ என்பதற்கும் இறந்தகாலத்தில் மாற்றமே இல்லை. ‘வெட்டுகின்றனர்’, ‘வெட்டினர்’ ஆகிய இரண்டையும் எழுத்தில் பிரித்தறிய வழியில்லை. ‘ரீட்’ என்பதை இறந்தகாலத்தில் அதே எழுத்துகளால் எழுதி, ‘ரெட்’ என்று வேறாக ஒலிக்க வேண்டும். ‘ஆங்’ என்பதற்கு மனிதனைத் தூக்கிலிட்டால் ஓர் இறந்தகாலம்; சட்டையைக் கொடியில் தொங்கவிட்டால் வேறோர் இறந்தகாலம். ‘கெட்’ என்பதன் முற்றுவடிவம் இங்கிலாந்தில் ‘காட்’, அமெரிக்காவில் ‘காட்டன்’. நீரில் பாய்ந்தவனை ஆங்கிலேயன் ‘டைவ்ட்’ என்கிறான். அமெரிக்கரில் பலர் ‘டோவ்’ என்கின்றனர். ‘எல்ப்’ என்பதற்குச் சேக்சுபியர் காலத்தில் ‘ஓல்ப்’ என்னும் இறந்தகாலமும் வழங்கிற்று. இன்று அதை எழுதினால் பிழை. மொழிக்குரியவர்களே நூற்றாண்டுக்கு நூற்றாண்டு, நாட்டுக்கு நாடு மாற்றிக் கொண்டு வருவனவற்றை, கடவுள் கல்லில் பொறித்துக் கொடுத்த கட்டளைகள் போலத் தமிழ்ப் பிள்ளையின் முதுகில் ஏற்றுகின்றனர்.

இது ஆங்கிலத்தை இழித்துரைப்பதற்காகச் சொல்லப்பட்டதன்று. எந்த மொழியும் அதைப் பேசுவோர்க்கு உயர்வே. ஆங்கிலேயன் தன் இரவலையும் தன் திறம்பலையும் பெருமையோடு ஆள்கிறான், அதற்காக நாணவில்லை. அது அவன் மொழிப்பற்று. இங்கே கேள்வி ஆங்கிலத்தைப் பற்றியதன்று, தமிழனைப் பற்றியது.

நாற்றங்காலில் நன்னூல்

தமிழ் வினையின் இறந்தகாலம் எத்தகையது? காலம் மூன்று என்பதையும், அவற்றை வினை காட்டும் என்பதையும் தொல்காப்பியம் வினையியலில் வகுத்துரைத்தது. இறந்தகாலம் காட்டும் இடைநிலைகள் த், ட், ற், இன் என்னும் நான்கு என்று பவணந்தியார் நன்னூலில் தொகுத்துக் கூறினார். கு, டு, று என முடியும் சில வினைகள் ஒற்று இரட்டித்தே இறந்தகாலம் காட்டும். புகு - புக்கான், விடு - விட்டான், பெறு - பெற்றான் என்பன அவை. இவ்வளவே சட்டம்.

இச்சட்டத்தை அறியத் தேவதானப்பட்டிப் பிள்ளை எங்கும் செல்ல வேண்டியதில்லை. அவன் வீட்டு வாயிலில் நின்றாலே போதும். வயலிலிருந்து திரும்பும் தாய் அன்றைய பாட்டைச் சொல்கிறாள்: உழுதோம், உண்டோம், தின்றோம், வரப்புக் கட்டினோம், நாற்று நட்டோம். ‘உழுதோம்’ என்பதில் த். ‘உண்டோம்’ என்பதில் ட். ‘தின்றோம்’ என்பதில் ற். ‘கட்டினோம்’ என்பதில் இன். ‘நட்டோம்’ என்பதில் ஒற்று இரட்டல். ஒரு நாள் உழைப்பில் நன்னூலின் இறந்தகால இயல் முழுதும் அடங்கிவிட்டது! அத்தாய் எழுத்தறியாதவளாக இருக்கலாம். ஆனால் வினையை ஆள்வதில் ஒருபோதும் பிழைப்பதில்லை. ‘போயிற்று’ என்பதைப் ‘போச்சு’ என்பாள். ‘ஆயிற்று’ என்பதை ‘ஆச்சு’ என்பாள். ‘பறித்தோம்’ என்பதைப் ‘பறிச்சோம்’ என்பாள். ஒலி தேய்ந்திருக்கிறது, வேர் தேயவில்லை.

தமிழிலும் திரிபுகள் உண்டு. வா என்பது வந்தான் ஆகும். காண் என்பது கண்டான் ஆகும். செல் என்பது சென்றான் ஆகும். ஆயினும் இவற்றில் எதுவும் தன் வேரைக் கைவிட்டு அயலான் வீட்டு இறந்தகாலத்தை இரவல் வாங்கவில்லை. நெடில் குறுகலாம், மெய் திரியலாம், உறவு அறுவதில்லை. ‘போ’ என்னும் வினையையே பாருங்கள். போ என்பதோடு இன் சேர்ந்து ‘போயினான்’ ஆயிற்று. அது சுருங்கிப் ‘போனான்’ ஆயிற்று. ‘வென்ட்’ என்பதைப் போல் வேறு வீட்டுப் பிள்ளையைத் தூக்கி வந்து வளர்க்கவில்லை.

அன்றியும், தமிழ் இறந்தகால வினை ஒரே சொல்லில் எத்தனை செய்தி சொல்கிறது! ‘வென்ட்’ என்றால் சென்றது யார், ஒருவரா, பலரா, ஆணா, பெண்ணா என்பது தெரியாது. சென்றான், சென்றாள், சென்றார், சென்றது, சென்றன, சென்றேன், சென்றோம், சென்றாய், சென்றீர் என்று தமிழ் விரித்துக் காட்டும். பெயர் பால் காட்டாத இடத்தும் வினை காட்டும். ‘மாடு வந்தது’ என்றால் ஒன்று. ‘மாடு வந்தன’ என்றால் பல. ‘கள்’ என்னும் ஈறுகூடத் தேவையில்லை. வினைமுற்றே எண்ணிச் சொல்லிவிடுகிறது. இன்னும், ‘சேர்ந்தான்’ என்றால் தானே சேர்ந்தவன். ‘சேர்த்தான்’ என்றால் பிறவற்றைச் சேர்த்தவன். மெலிக்கும் வலிக்கும் உள்ள ஓர் ஒற்று வேறுபாட்டில் தன்வினையும் பிறவினையும் பிரிந்து நிற்கின்றன. இத்தகைய கருவியைக் கையில் வைத்திருக்கும் இனம், அதைத் துடைத்து வைக்கவும் நேரமின்றி, அயலான் கருவியின் துருவைச் சுரண்டிக்கொண்டிருக்கிறது.

படித்தவர் செய்யும் பிழை

இனி மறுபக்கத்தைப் பார்க்க வேண்டும். ‘கோயெட்’ என்று சொன்ன பிள்ளையைப் பார்த்துச் சிரித்தவர்கள், தங்கள் சொந்த மொழியின் இறந்தகாலத்தை எவ்வாறு எழுதுகின்றனர்?

‘அவர் வெற்றி பெற முயற்சித்தார்’ என்று எழுதுகின்றனர். செய்தித்தாளில் எழுதுகின்றனர், மேடையில் முழங்குகின்றனர், தொலைக்காட்சியில் படிக்கின்றனர். முயல் என்பது வினை. முயற்சி என்பது அதிலிருந்து பிறந்த பெயர். செல் - சென்றார், பயில் - பயின்றார் என்பன போல முயல் - முயன்றார் என்பதே முறை. வினையிலிருந்து பிறந்த பெயரை மீண்டும் வினையாக்கி, அதற்கு ‘இத்தார்’ என்று வால் ஒட்டுவது எந்த ஊர் இலக்கணம்? பயிற்சி உண்டே, ‘பயிற்சித்தார்’ என்று எழுதுவார்களா? வளர்ச்சி உண்டே, ‘பயிர் வளர்ச்சித்தது’ என்பார்களா? எழுச்சி உண்டே, ‘மக்கள் எழுச்சித்தனர்’ என்பார்களா? இவற்றைக் கேட்டால் நகைப்பவர், ‘முயற்சித்தார்’ என்பதைக் கேட்டு ஏன் நகைப்பதில்லை? சிந்தித்தார், வாதித்தார் என்று வடசொற்பெயர்களுக்கு வினையுருக் கொடுத்துப் பழகிய நோய், தமிழ் வேரையும் பற்றிக்கொண்டது. இதுவே கரணியம்.

‘மறைந்த தலைவரை நினைவு கூறினார்’ என்று எழுதுகின்றனர். நினைவைக் கூறுவதா? கூர்தல் என்றால் மிகுதல். உள்ளத்தில் நினைவு மிகுவதே நினைவு கூர்தல். ஆகவே ‘நினைவு கூர்ந்தார்’ என்பதே சொல். ஓர் எழுத்து மாறிற்று, பொருளே அழிந்தது.

‘காற்றில் மாங்காய்கள் உதிர்ந்தது’, ‘பேருந்துகள் ஓடியது’ என்று எழுதுகின்றனர். பெரியகுளத்து மாந்தோப்பில் ஒரு காய் உதிர்ந்தால்தான் ‘உதிர்ந்தது’. பல உதிர்ந்தால் ‘உதிர்ந்தன’. ஒன்றையும் பலவற்றையும் பிரித்துக் காட்டும் ஆற்றலைப் படித்தவர் கை கழுவிவிட்டனர். ஆங்கிலத்தில் ஒருமைக்கு ‘வாசு’, பன்மைக்கு ‘வேர்’ என்பதை மாற்றிச் சொன்னால் பள்ளியிலிருந்து பணித்தேர்வு வரை மதிப்பெண் போகிறது. தமிழில் ஒருமை பன்மை மயங்கினால் யாருக்கு என்ன போகிறது? ஒன்றும் போவதில்லை, தமிழ்தான் போகிறது!

‘நேற்று அமைச்சர் தெரிவித்திருந்தார்’ என்று செய்தி படிக்கின்றனர். தெரிவித்தார் என்றாலே போதும். தெரிவித்திருந்தார் என்பது, அதற்குப் பின் நிகழ்ந்த மற்றொன்றைச் சொல்லும்போது வர வேண்டியது, ‘முதல்நாளே தெரிவித்திருந்தார், ஆயினும் எவரும் கேட்கவில்லை’ என்பது போல. ஆங்கிலத்தில் இந்த இரு காலங்களுக்கும் உள்ள வேறுபாட்டைத் தனியாகப் பொருள்செலவு செய்து கற்கின்றவர்கள், அதே வேறுபாடு தமிழிலும் உண்டு என்பதைக்கூட அறியார்.

‘கோயெட்’ என்ற பிள்ளை ஒரு நெறியைப் பின்பற்றிப் பிழைத்தான். ‘முயற்சித்தார்’ என்ற அறிஞர் நெறியை மீறிப் பிழைத்தார். முன்னவன் அயன்மொழியில் பிழைத்தான். பின்னவர் தாய்மொழியில் பிழைத்தார். முன்னவனுக்கு அகவை ஒன்பது. பின்னவர் பட்டம் பெற்றவர். முன்னவனுக்குக் கிடைத்தது ஏளனம். பின்னவர்க்குக் கிடைத்தது பொன்னாடை. இந்த அறக்கணக்கை யார் எழுதினார்?

வேரைப் பறிகொடுத்து விகுதியைக் காத்தல்

இவற்றினும் கொடியது ஒன்று உண்டு. ‘ட்ரை பண்ணினேன்’, ‘கால் பண்ணினார்’, ‘வாக் பண்ணினோம்’, ‘பிளாண்ட் பண்ணினார்கள்’ என்று பேசும் பேச்சு. முயன்றேன், அழைத்தார், நடந்தோம், நட்டார்கள் என்னும் நான்கு வேர்கள் நான்கு ஆங்கில வேர்களால் துரத்தப்பட்டன. எஞ்சி நிற்பது ‘பண்ணி’ ஒன்றுதான். ஆயிரம் வினைகளால் ஆயிரம் செயல்களைச் சுட்டிய மொழி, ஒரே வினையைக் கொண்டு எல்லாவற்றையும் செய்யும் ஏவலாள் ஆயிற்று. காலமும் இடமும் பாலும் காட்டும் வேலை மட்டும் தமிழுக்கு. பொருள் காட்டும் வேலை ஆங்கிலத்துக்கு. மூட்டை அவனுடையது, தூக்கும் தோள் மட்டும் தமிழனுடையது!

இதில் ஓர் உண்மை மறைந்திருக்கிறது. அதை அறிஞர் உற்று நோக்குதல் வேண்டும். ஆங்கிலம் கலந்து பேசும் எவனும் ‘வென்ட் பண்ணினேன்’ என்று சொல்வதில்லை. ஆங்கில வேரை எடுத்தவன் ஆங்கில இறந்தகாலத்தை எடுக்க முடியவில்லை. ஏனென்றால் காலத்தை உணர்வது தாய்மொழியில்தான். நேற்றைய நிகழ்ச்சியை நினைவிலிருந்து எடுத்துச் சொல்லும் அந்த நொடியில், எவ்வளவு ஆங்கிலம் கற்றவனுக்கும் ‘ஏன்’ என்னும் தன்மை விகுதியும், ‘இன்’ என்னும் இடைநிலையும் தாமாக வந்து நிற்கின்றன. தமிழின் கடைசிக் கோட்டை அது. வேர்கள் அனைத்தும் வீழ்ந்த பின்னும் இறந்தகாலம் இன்னும் வீழவில்லை. ஆனால் வேரற்ற மரத்தில் கிளை எத்தனை நாள் பசுமையாக நிற்கும்? இன்று ‘மேரீட்’, ‘செலக்டட்’ என்று ஆங்கில முற்றுவடிவங்களே பெயரடைகளாக நுழைந்துவிட்டன. கோட்டைச் சுவரில் முதல் விரிசல் விழுந்துவிட்டது என்பதற்கு இதுவே சான்று.

‘ஆங்கிலம் வேண்டாவா?’ என்பார்க்கு

இவ்வளவும் சொன்னால் உடனே ஒரு குரல் எழும்: ‘ஆங்கிலம் இல்லாமல் பிள்ளைகள் எப்படிப் பிழைப்பார்கள்? தேவதானப்பட்டிப் பிள்ளை மாந்தோப்பிலேயே கிடக்க வேண்டுமா?’ இது இரக்கத்தின் குரல் போல ஒலிக்கிறது. ஆயின் ஆராய்ந்தால் அச்சத்தின் குரலாகவே இருக்கிறது.

ஆங்கிலம் வேண்டா என்று எவரும் சொல்லவில்லை. மறைமலையடிகள் ஆங்கிலம் அறியாதவரா? 1916-இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தோற்றுவித்த அவர் ஆங்கிலத்திலும் நூலெழுதும் புலமை பெற்றிருந்தார். மொழிநூல் ஞாயிறு தேவநேயப் பாவாணர் ஆங்கிலத்தில் நூலெழுதியவர். அவர்கள் ஆங்கிலத்தை மொழியாகக் கற்றனர், எசமானாக ஏற்கவில்லை. மொழியைக் கற்பது வேறு. அம்மொழி வழியே எல்லாவற்றையும் கற்பது வேறு. கணக்கையும் அறிவியலையும் வரலாற்றையும் தெரிந்த மொழியில் கற்ற பிள்ளை, ஆங்கிலத்தையும் தெளிவாகக் கற்பான்; ‘கோ’ என்பது ‘வென்ட்’ ஆனது ஏன் என்று கேட்டறிந்து கற்பான். எல்லாவற்றையும் தெரியாத மொழியில் கற்கும் பிள்ளைக்குக் கணக்கும் உருப்போடல்; அறிவியலும் உருப்போடல்; அவன் அறியாமல் அவன் அறிவே உருப்போடல் ஆகிவிடுகிறது.

நடந்த வரலாறு என்ன? 1956-இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. 1999-இல் முதல் ஐந்து வகுப்புகளில் தமிழோ தாய்மொழியோ பயிற்றுமொழியாக வேண்டும் என்று தமிழக அரசு ஆணையிட்டது. அவ்வாணை செல்லாது என்று சென்னை உயர்வழக்குமன்றம் 2000-இல் தீர்ப்பளித்தது. 2006-இல் தமிழ் கற்றல் சட்டம் வந்தது. பத்தாம் வகுப்புவரை தமிழ் ஒரு பாடமாகவேனும் கட்டாயமாயிற்று. தமிழ்வழிப் படித்தோர்க்கு அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010-இல் வந்தது. மற்றொரு புறம், 2012-13 கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகத் தொடங்கின. 2014-இல், கருநாடக வழக்கில், தாய்மொழியையே பயிற்றுமொழியாகக் கொள்ள வேண்டும் என்று அரசு கட்டாயப்படுத்தலாகாது என உச்சவழக்குமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு கை கொடுத்ததை மறுகை பறித்தது. பிள்ளை இரண்டுக்கும் நடுவே நிற்கிறான். தமிழ்வழிப் படித்தால் இழிவென்கிறது ஊர். ஆங்கிலவழிப் படித்தால் பொருள் விளங்கவில்லை என்கிறது உள்ளம்.

வழக்குமன்றம் கட்டாயப்படுத்தலாகாது என்றது. பெற்றோர் விரும்பித் தமிழ்வழியைத் தேர்ந்தெடுக்கலாகாது என்று சொல்லவில்லை. அந்த விருப்பத்தைக் கொன்றது எந்தத் தீர்ப்பும் அன்று. வகுப்பறையில் எழுந்த அந்த ஏளனச் சிரிப்பு. அதைக் கேட்டு வளர்ந்தவன்தான் நாளை தன் பிள்ளையைக் கடன் வாங்கியேனும் ஆங்கிலவழிப் பள்ளிக்கு அனுப்புகிறான். சிரிப்பு ஒரு தலைமுறையை ஊமையாக்கிற்று. அந்த ஊமைமை அடுத்த தலைமுறையை விற்றது.

செய்ய வேண்டுவன

தமிழாசிரியர்கள் வினைத்திரிபைப் பாட்டாக, விளையாட்டாகக் கற்பிக்கத் தொடங்குதல் வேண்டும். ‘கோ - வென்ட் - கான்’ ஒலிக்கும் அதே திண்ணையில் ‘செல் - சென்றான், பயில் - பயின்றான், முயல் - முயன்றான்’ என்பதும் ஒலித்தல் வேண்டும். ஆங்கில ஆசிரியர்கள் பிழைத்த பிள்ளையை நகையாது, அப்பிழையில் உள்ள அறிவைப் பாராட்டித் திருத்துதல் வேண்டும், அவர்களும் தமிழரே. இதழாசிரியர்களுக்கும் செய்தி படிப்போர்க்கும் ‘முயற்சித்தார்’, ‘நினைவு கூறினார்’, ‘உதிர்ந்தது’ என்னும் பிழைகளைச் சுட்டி, பிழை தோன்றுந்தோறும் சலியாமல் மடல் எழுதுதல் வேண்டும். பத்து மடல் குப்பையில் விழும். பதினொன்றாவது மடல் படிக்கப்படும். வீட்டில் பெற்றோர், ‘இன்று என்ன செய்தாய்?’ என்று பிள்ளையைத் தமிழில் வினவி, ‘பண்ணினேன்’ நுழையாத விடையைக் கேட்டு மகிழ்தல் வேண்டும். இவற்றுக்கு எந்தச் சட்டமும் தேவையில்லை; எந்த வழக்குமன்றமும் தடுக்க முடியாது.

மூங்கிலணைக் காமாட்சியம்மன் கோயிலில் கருவறைக் கதவு திறப்பதில்லை; அடைத்த கதவுக்கே வழிபாடு நிகழ்கிறது. அது அவ்வூரார் நம்பிக்கை. அதில் குறை காண இடமில்லை. ஆனால் பள்ளிக்கூடக் கதவு அத்தகையதன்று. அது திறப்பதற்கென்றே அமைந்தது. ஆங்கிலம் என்னும் அடைத்த கதவின் முன் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளை நிறுத்தி வணங்கச் சொல்வது கல்வியன்று, ஏமாற்று. கதவைத் திறக்கும் திறவுகோல் தாய்மொழி. அது பிள்ளையின் நாவிலேயே இருக்கிறது. அதைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கதவைத் தட்டச் சொல்கின்றனர்.

தமிழினம் ஒரு காலத்தில் ஆண்டது; கடல் கடந்து சென்றது; வாணிகம் செய்தது; நூல் யாத்தது. இவை யாவும் இறந்தகாலம். இந்த வினைகளைப் பிழையின்றிச் சொல்லவாவது தெரிந்த இனத்துக்குத்தான் எதிர்காலம் என்று ஒன்று உண்டு. ‘முயற்சித்தான்’ என்று சொல்லிக்கொண்டிருக்கும்வரை தமிழன் உண்மையில் முயலவில்லை என்றே பொருள். முயன்றான் என்று வரலாறு எழுதும் நாள் வர வேண்டுமாயின், முயல்க! இன்றே முயல்க!